ரிக்லி திடலின் காற்றும் சுங்கை சிப்புட்டின் தோசையும்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டின் ஒட்டுக்கடையில் காலை எட்டு மணிக்கு முதல் தோசை கல்லில் விழும்போது சிக்காகோவில் முந்தைய நாள் இரவு ஏழு மணி; பேஸ்பால் ஆட்டம் தொடங்கும் நேரம். ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவரும் நானும், இரு அணிகளும் சேர்ந்து எடுக்கும் ஓட்டங்கள் எட்டரை போன்ற ஒரு பந்தய எண்ணைத் தாண்டுமா என்று பந்தயம் கட்டுவோம். 1953ஆம் ஆண்டின் பந்தயச் சட்டம் நினைவில் இருப்பதால், தோற்றவர் கொடுப்பது தோசைக் காசு மட்டுமே.

முதலில் மாதம் 15 வெள்ளி கட்டி ஒரு வானிலைச் செயலியை வைத்திருந்தேன். அதன் பெயர் வேண்டாம். மே மாதத்தில் ஒரு நாள் அது, சிக்காகோவில் 27 டிகிரி, தென்மேற்குக் காற்று என்றது. ஆட்டம் நடக்கும் சிக்காகோவின் ரிக்லி திடலில் மட்டையாளர் வடகிழக்கை நோக்கி நிற்பதால், தென்மேற்குக் காற்று பந்தை வெளியே தள்ளும். 1979 மே 17 அன்று அப்படி வெளிநோக்கி வீசிய காற்றில்தான் 11 ஹோம் ரன்கள் (பந்தை எல்லைக்கு வெளியே பறக்கவிடும் அடிகள்) பறந்து, பிலடெல்பியா அணி 23-22 என்று வென்றது. அதை நம்பி "தாண்டும்" என்றேன். ஒளிபரப்பு தொடங்கியபோது ஓட்டப்பலகையின் மேலிருந்த கொடிகள் மட்டையாளரை நோக்கிப் படபடத்தன. பார்வையாளர்கள் குளிராடையில் இருந்தார்கள். "தம்பி, கொடியைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு, கிராணி இரண்டாவது தோசைக்குச் சொன்னார். செயலி காட்டியது உள்நாட்டுப் பக்கம் உள்ள விமான நிலையத்தில் எடுத்த அளவீடு. திடலோ மிச்சிகன் ஏரியிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிறது, வசந்தகாலத்தில் அந்த ஏரியின் குளிர்காற்று நகரத்தின் கரையோரத்தை மட்டும் தனியாக ஆளும்.

அதன்பின் அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் இணையத்தளத்துக்கு மாறினேன். கட்டணம் இல்லை. வரைபடத்தில் திடலின் மீதே சொடுக்கினால், ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் சதுரத்துக்கான முன்னறிவிப்பு வருகிறது. மணிவாரி வரைபடத்தில் காற்றின் திசை, வேகம், திடீர் வீச்சு, இடி ஆகியவற்றைத் தனித்தனிக் கோடுகளாகப் பார்க்கலாம். திசையை அவர்கள் காற்று புறப்படும் பக்கத்தைக் கொண்டே சொல்கிறார்கள். தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும் சொல்லிப் பழகிய நமக்கு இதில் குழப்பமே வராது.

குறைகள் உண்டு. அது வானிலை அலுவலகம், பேஸ்பால் அதற்குத் தெரியாது; திடல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைச் செயற்கைக்கோள் படத்தில் நாமே கண்டுகொள்ள வேண்டும். மில்வாக்கி, ஹூஸ்டன் போன்ற இடங்களில் திடலின் கூரை மூடப்படுமா என்பதும் அங்கே கிடைக்காது. பந்தை அதிகத் தூரம் பறக்கவிடும் டென்வரின் மெல்லிய காற்றைப் பற்றி எழுதுபவர்கள் ஏராளம். ஆனால் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரம் தினமும் மாறுவதில்லை, பந்தய எண்ணில் அது முன்பே அடங்கிவிட்டது. அன்றைய காற்றுதான் புதிய செய்தி என்பதால், இரவு படுக்கும் முன் ஒருமுறையும் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு மறுமுறையும் பார்க்கிறேன், மூன்று நாளைக்கு முன்பே சொல்லப்படும் காற்றின் வேகத்தை நம்பி ஒரு சட்னிகூட வைக்கமாட்டேன்.

இந்த மாதம் கிராணி எனக்கு நான்கு தோசை பாக்கி. நேற்றிலிருந்து அவரும் அதே பக்கத்தைத் தம் திறன்பேசியில் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்காருகிறார்.