மேட்பிளாட்லிப்போடு ஒன்பது வருடம்: புயலில் ஏறிய காற்றழுத்தம்

எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளில் யாராவது ஒருத்தர் மாதத்துக்கு ஒரு தடவையாவது லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். "அக்கா, கிராஃப் வரமாட்டேங்குது." நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எர்ரர் வருதா, படம் தப்பா வருதா?" எர்ரர் என்றால் நிம்மதி. கடைசி வரியைப் படித்தால் பாதி விஷயம் அதிலேயே இருக்கும். படம் தப்பாக வருகிறது என்றால் டீ சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதான். படம் தப்பு, ஆனால் பார்க்க அழகாக இருக்கிறது என்றால் அன்றைய பொழுது போச்சு. ஒன்பது வருடத்தில் என்னை அதிகம் படுத்தியது இந்த மூன்றாவது ரகம்.

எக்செல்லை விட்டு பைத்தான் நிரல்மொழிக்கு மாறியது 2016 டிசம்பரில். அந்த மாதம் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னைக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. எங்கள் மொட்டைமாடியில் இருந்த கருவி நிமிடத்துக்கு ஒரு தடவை காற்றழுத்தத்தைப் பதிந்து வைத்திருந்தது. ஒரு நாளுக்கு 1440 வரி. அதைப் படமாகப் போட்டுப் பார்க்கும் ஆசையில்தான், பைத்தானில் வரைபடம் போடும் நூலகமான மேட்பிளாட்லிப்பை நிறுவினேன்.

முதல் படத்திலேயே குட்டு. கிடை அச்சில் நேரம் இருக்க வேண்டிய இடத்தில் 0, 20000, 40000, 60000, 80000 என்று இருந்தது. "மணி எங்கம்மா?" என்றார் என் நெறியாளர். கருவி நேரத்தை யூனிக்ஸ் நொடிகளில் பதிகிறது, அதாவது 1970 ஜனவரி 1 முதல் ஓடிய நொடிகள். டிசம்பர் 12 தொடங்கும் இடம், உலகப் பொது நேரப்படி, 1481500800. இவ்வளவு நீள எண்ணை ஒவ்வொரு கோட்டுக்கும் எழுத இடமில்லை என்று மேட்பிளாட்லிப் பொதுவான பகுதியைக் கழித்து, வலது ஓரத்தில் பொடி எழுத்தில் '+1.4815e9' என்று போட்டுவிட்டது. அது சொன்னது உண்மைதான், எறும்பு எழுத்தில் சொன்னது. நொடிகளை, தரவு அட்டவணைகளைக் கையாளும் நூலகமான பாண்டாஸின் டு-டேட்-டைம் வழியாக, அலகு நொடி என்று சொல்லி மாற்றியதும் மணி வந்தது. ஐந்தரை மணி நேரம் பின்தங்கித்தான் வந்தது, இந்திய நேரத்துக்கு மாற்றச் சொல்லவில்லையே. எண்ணாகவே வேண்டும், கழித்தல் மட்டும் வேண்டாம் என்றால் டிக்-லேபிள்-ஃபார்மட்டில் யூஸ்-ஆஃப்செட்டை ஃபால்ஸ் ஆக்கினால் போதும்.

அசல் கூத்து 2018இல். ஆய்வேட்டுக்காக அதே வர்தா தரவை மறுபடி எடுத்தேன். முதல் தடவை எக்செல்லில் கையால் சுத்தம் செய்த கோப்பு. இந்த முறை கருவியிலிருந்து வந்த மூலக் கோப்பையே நேரடியாகப் படித்தேன். படம் வந்தது. எர்ரர் இல்லை, வார்னிங் இல்லை. செங்குத்து அச்சில் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கருப்புப் பட்டையாக அப்பிக் கிடந்தன. எழுத்தளவைக் குறைத்தேன். அப்போதும் பட்டை. 'லே-அவுட் சரியில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று லேபிள்களையே எடுத்துவிட்டேன். இதை இங்கே ஒப்புக்கொள்ள இன்றும் கூச்சமாக இருக்கிறது. கோடு மட்டும் வழவழவென்று ஏறி, பிற்பகலில் உச்சி தொட்டு, இரவில் இறங்கியது. நடுநடுவே சில ஊசிகள், எல்லாம் ஒரே உயரத்தில்.

சார் பார்த்தார். "ஏம்மா, ஊர்ல எல்லாப் புயல்லயும் பிரஷர் இறங்கும். உன் மொட்டைமாடியில மட்டும் ஏறிச்சா?"

இரண்டு நாள் ஆனது கண்டுபிடிக்க. புயல் நேரத்தில் சில நிமிடங்கள் கருவி படிக்கத் தவறி, எண்ணுக்குப் பதிலாக '---' என்று மூன்று கோடு போட்டிருந்தது. அந்த ஒரு சில மூன்று கோடுகளுக்காகப் பாண்டாஸ் முழு நெடுவரிசையையும் எழுத்தாக எடுத்துக்கொண்டது. எழுத்தைக் கொடுத்தால் மேட்பிளாட்லிப் அதை வகைப் பெயராகப் பார்க்கும்: முதலில் வரும் பெயருக்கு 0, அடுத்த புதுப் பெயருக்கு 1, அதற்கடுத்ததற்கு 2. மாம்பழம், பலாப்பழம், வாழைப்பழம் என்று கொடுத்தால் எப்படியோ அப்படி. அழுத்தம் இறங்க இறங்க இதுவரை காணாத புதுப்புது மதிப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு படி மேலே இடம். புயல் கடந்து அழுத்தம் ஏறும்போது ஏற்கெனவே கண்ட மதிப்புகள் திரும்பி வருகின்றன. கோடு பழைய படிகளில் இறங்குகிறது. பள்ளம் அப்படியே மலையாகிவிட்டது! அந்த ஊசிகள்? '---' என்பதும் ஒரு பழம். அதற்கும் ஒரு படி.

தரவைப் படிக்கும்போதே, விடுபட்ட மதிப்பின் குறி எது என்று சொல்லும் என்-ஏ-வேல்யூஸில் '---' என்று கொடுத்திருந்தால் இவ்வளவும் இல்லை. அல்லது டு-நியூமரிக்கில் எர்ரர்ஸை கோயெர்ஸ் என்று வைத்து மாற்றலாம். ஆனால் கோயெர்ஸ் ஒரு மண்வெட்டி, எண்ணாக மாறாத எதையும் கேள்வி கேட்காமல் 'நான்' (NaN, 'எண் அல்ல' என்ற குறி) ஆக்கிவிடும். மாற்றிய பிறகு எத்தனை 'நான்' என்று எண்ணிப் பார்க்காமல் நான் அடுத்த வரிக்குப் போவதில்லை. அன்றிலிருந்து பிளாட் போடும் முன், எந்த நெடுவரிசை எந்த வகை என்று காட்டும் டி-டைப்ஸ் பார்ப்பது பல் துலக்குவது மாதிரி ஆகிவிட்டது. எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து நுழைந்ததைக் காட்டும் 'ஆப்ஜெக்ட்' என்று கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுவேன்.

'நான்' பற்றி இன்னொன்று. விட்டுப்போன இடத்தில் கோடு அறுபடும், அது சரிதான். ஆனால் இரண்டு 'நான்'களுக்கு நடுவில் தனியாக ஒரு நல்ல மதிப்பு மாட்டிக்கொண்டால், கோடு இழுக்க அக்கம்பக்கத்தில் புள்ளி இல்லாததால் அது படத்திலேயே தெரியாது. மாதம் முழுக்க ஒன்று விட்டு ஒரு நாள் அளந்த தரவை நாள்வாரிக் கட்டத்தில் போட்டு, வெறும் வெள்ளைப் பெட்டியைப் பார்த்துத் திகைத்தவள் நான். மார்க்கர் ஒன்று சேர்த்தால் புள்ளிகள் எட்டிப்பார்க்கும்.

வெள்ளைப் பெட்டி என்றதும் எல்லோரும் ஒரு தடவை விழும் குழி நினைவுக்கு வருகிறது. ஷோ போட்டு, ஜன்னலில் பார்த்து ரசித்து, மூடிவிட்டு, அடுத்த வரியில் சேவ்-ஃபிக் போட்டால் கோப்பில் ஒன்றும் இருக்காது. ஜன்னலை மூடியதுமே அந்தப் படம் போய்விட்டது. சேவ்-ஃபிக் புதிதாக ஒரு காலிப் படத்தைத் திறந்து அதைச் சேமிக்கிறது. முதலில் சேமி, பிறகு காட்டு.

இதன் வேர் மேட்பிளாட்லிப் பிறந்த கதையில் இருக்கிறது. ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர், வலிப்பு நோயாளிகளின் மூளை மின் அலைத் தரவைப் பார்க்க மேட்லாப் என்ற கணிப்பு மென்பொருளைப் பயன்படுத்தி, அது போதாமல் போனதால் பைத்தானில் எழுதத் தொடங்கியது இது. 2003இல் வெளிவந்தது. மேட்லாப் பழகியவர்களுக்கு அந்நியமாக இருக்கக் கூடாது என்று அதே பாணியில், 'இப்போது திறந்திருக்கும் படம் எதுவோ அதில் வரை' என்கிற பைபிளாட் கட்டளைகள். அதோடு, படத்தையும் அச்சையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் பொருள்சார் பாணியும் உண்டு. ஹன்டர் 2012 ஆகஸ்டில் புற்றுநோயால் காலமானார், 44 வயது. அவர் விட்டுப்போன இரண்டு பாணியும் இன்றும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன, சமையலறை மட்டும் தனித்தனி. ஒன்றில் டைட்டில், இன்னொன்றில் செட்-டைட்டில். ஒன்றில் எக்ஸ்-லிம், இன்னொன்றில் செட்-எக்ஸ்-லிம். இணையத்தில் கிடைக்கும் விடைகள் இரண்டையும் கலந்து கொடுக்கும். அதை ஒட்டினால் நான்கு கட்டப் படத்தில் தலைப்பு எப்போதும் கடைசிக் கட்டத்திலேயே போய் உட்காரும். இரண்டு கட்டத்துக்கு மேல் போனால் கட்டங்களை உருவாக்கும் சப்பிளாட்ஸில் தொடங்கி, அது தரும் ஆக்ஸ் (அச்சுகள்) வழியாகவே எல்லாவற்றையும் செய்துவிடுங்கள். பைபிளாட் பாணி அவசரத்துக்கு நல்லது, அவ்வளவுதான்.

மற்றவை சில்லறை. வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படம் என்று லூப்பில் ஓட்டினால், இருபதைத் தாண்டியதும் நினைவகம் பற்றி ஒரு வார்னிங் வரும். நான் அதைப் புறக்கணித்து லேப்டாப்பை உறைய வைத்திருக்கிறேன். ஒவ்வொரு படத்தையும் சேமித்ததும் குளோஸ் செய்ய வேண்டும். திரையில்லாத சர்வரில் ஓட்டினால் டிஸ்ப்ளே இல்லை என்று கத்தும், படத்தை வரைந்து தரும் பேக்கெண்டை 'ஆக்' (Agg) என்று வைத்தால் அடங்கும். கட்டத் தரவைப் படமாகக் காட்டும் இம்-ஷோவில் தென்னிந்தியா தலைகீழாக வந்தால் ஆரிஜினை 'லோயர்' ஆக்குங்கள், தொடக்கப்புள்ளி இயல்பாக மேல் இடது மூலையில் இருக்கும். மழை அளவை லாக் அச்சில் போட்டால் மழையில்லாத நாள்கள் காணாமல் போகும். பூச்சியத்துக்கு லாக் கிடையாது; நாள்கள் எங்கே என்று தேடாதீர்கள்.

ஆய்விதழுக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒன்று. என் கட்டுரை ஒன்று உள்ளடக்கத்துக்காக அல்ல, எழுத்துருவுக்காகத் திரும்பி வந்தது. மேட்பிளாட்லிப் பிடிஎஃப் சேமிக்கும்போது இயல்பாக டைப் 3 எழுத்துருவைப் பதிக்கும். அதை ஏற்காத சமர்ப்பிப்புத் தளங்கள் உண்டு. பிடிஎஃப்-ஃபான்ட்-டைப்பை 42 என்று மாற்றினால் ட்ரூடைப்பாகப் பதியும். ஒரே ஒரு எண், எனக்குப் பத்து நாள் போனது.

தமிழில் அச்சுப் பெயர் வைப்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத புண். பள்ளி மாணவர்களுக்கான ஒரு கண்காட்சிக்கு 'வெப்பநிலை' என்று எழுதப்போனேன். முதலில் வரிசையாகக் கட்டங்கள், ஏனென்றால் இயல்பு எழுத்துருவான டேஜாவூ சான்ஸில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவி, பெயரைக் கொடுத்தேன். எழுத்து வந்தது, ஆனால் வகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய் நின்றது, லகரத்தின் ஐகாரமும் அப்படியே. யூனிகோடில் மெய்யெழுத்தின் உரு முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் சேமிக்கப்படும். கொம்பை முன்னால் நகர்த்துவது எழுத்தை வடிவமைக்கும் நிரலின் வேலை. நான் பயன்படுத்திய பதிப்புகளில் அந்த வேலை நடக்கவில்லை, சேமித்த வரிசையிலேயே வைத்துவிட்டது. நான் போன வழி: எஸ்விஜியாகச் சேமி, எஸ்விஜி-ஃபான்ட்-டைப்பை 'நன்' (none) என்று வை. அப்போது எழுத்து ஓவியமாக மாறாமல் எழுத்தாகவே கோப்பில் இருக்கும்; பிரவுசரிலோ இங்க்ஸ்கேப்பிலோ திறந்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். எம்பிஎல்-கெய்ரோ என்ற மாற்று பேக்கெண்டிலும் எழுத்தை வடிவமைக்கும் ராக்ம் நூலகம் இருந்தால் சரியாக வரும். தமிழுக்கு மட்டும் சுற்றுவழியில் போக வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல் போகவில்லை.

'அப்புறம் ஏன் இன்னும் இதையே கட்டிக்கொண்டு அழுகிறாய்?' என்று கேட்பார்கள். ப்ளாட்லி என்ற இன்னொரு வரைபட நூலகத்தைப் போட்டுப் பார்த்தேன். சுட்டியை வைத்தால் மதிப்பு தெரிகிறது, தரவைத் துழாவ அருமை. மேட்பிளாட்லிப்பின் மேல் கட்டிய சீபார்ன் நூலகத்தில் இரண்டு வரியில் வருவதை இதில் பதினைந்து வரியில் எழுத வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் சீபார்ன் படத்தில் ஒரு கோட்டை இரண்டு புள்ளி நகர்த்த வேண்டும் என்றால் கடைசியில் அடியில் இருக்கும் மேட்பிளாட்லிப்பைத்தான் தொட வேண்டும். அச்சுக்குப் போகும் படத்தில் எதையும் நகர்த்தலாம் என்ற சுதந்திரத்துக்காக மற்ற வம்புகளைப் பொறுத்துக்கொள்கிறேன். 2017இல் வந்த 2.0 பதிப்பு ஜெட் வண்ணத்தட்டைக் கழற்றிவிட்டு விரிடிஸை இயல்பாக்கியது. அதற்காகவே பல பிழை மன்னிக்கலாம். தரவில் இல்லாத எல்லையெல்லாம் ஜெட்டின் மஞ்சளில் பளிச்சென்று தெரியும்.

2024 ஜூனில், எண் கணக்குக்கான நூலகமான நம்பையின் 2.0 பதிப்பு வந்தபோது, பழைய நம்பைக்காகக் கட்டிய மேட்பிளாட்லிப்பும் அதனோடு ஒட்டாமல் இம்போர்ட்டிலேயே நின்றது. சத்தமான எர்ரர்தான், அரை மணியில் தீர்ந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டுரைக்கும் தனி வென்வ் (நூலகங்களைத் தனியாக வைக்கும் சூழல்), பதிப்பு எண்கள் ஒரு கோப்பில்.

போன மாதம் அந்த வர்தா நிரலைப் புதுப் பதிப்பில் ஓட்டினேன். பிரின்ட்டுக்கு அடைப்புக்குறி போட வேண்டியிருந்தது. ஹிஸ்டோகிராமில் நார்ம்டு என்பதை டென்சிட்டி ஆக்கினேன். 'சீபார்ன்-வொயிட்கிரிட்' என்ற பாணிப் பெயருக்கு நடுவில் 'வி0_8' சேர்த்தேன். மூன்றே திருத்தம், படம் வந்துவிட்டது, பள்ளம் பள்ளமாகவே. ஆய்வகப் பலகையில் மட்டும் பழைய மலைப் படம்தான் இன்னும் குத்தியிருக்கிறது. சார் ஓய்வு பெறும் அன்று அதைக் கழற்றப் போனேன். "இருக்கட்டும்மா, புதுப் பிள்ளைங்க பார்க்கட்டும்" என்றார்.