மண்குளவி பார்க்க மொபைல் மேக்ரோ லென்ஸ்: எந்த வகை வாங்கலாம்?

கிளிப் போட்டு மாட்டும் மேக்ரோ லென்ஸ் வாங்குபவர்கள் பெரும்பாலும் பெட்டியில் அச்சடித்த 'எக்ஸ்' எண்ணை, அதாவது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதைத்தான் பார்க்கிறார்கள். மண்குளவிக்கு அதைவிட முக்கியம், லென்ஸுக்கும் கூட்டுக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளி. 250-ஐ எக்ஸ் எண்ணால் வகுத்தால் அது ஏறக்குறைய மில்லிமீட்டரில் வந்துவிடும். 15 எக்ஸ் என்றால் 17 மி.மீ. அவ்வளவு கிட்டே போனை வைத்தால் மண்ணுருண்டையோடு வரும் குளவிக்கு வழி அடைபடும். போனின் நிழலும் கூட்டின் மேல் விழும். 7 செ.மீ. இடைவெளி தருவதை வாங்குங்கள். பெட்டியில் உள்ள எண்ணை நம்பாமல் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

அந்தத் தூரத்தில், நம் வீட்டுச் சுவர்களில் கூடு கட்டும் ஸெலிஃப்ரான் மெட்ராஸ்பாட்டனம் என்ற கருப்பு மஞ்சள் குளவியின் வேலை அற்புதமாகத் தெரிகிறது. ஈர மண்ணைத் தாடையில் பிடித்து, ரீங்காரமிட்டபடியே வளைந்த பட்டையாக இழுத்து ஒட்டுகிறது. புதுப் பட்டை கருத்திருக்கும், காய்ந்தது வெளுத்திருக்கும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பட்டைகளை எண்ணிவிடலாம். கையால் பிடித்து அழுத்தாதவரை இது கொட்டுவது அபூர்வம். காகிதம் போன்ற கூடு கட்டிக் கூட்டமாக வாழும் குளவிகளிடம் மட்டும் இந்த லென்ஸோடு நெருங்கவே வேண்டாம்.

பழைய கூட்டுக்கு 10 எக்ஸ், 15 எக்ஸ் நல்லது. கூட்டின் மண் அறையில் பெரிய வட்ட ஓட்டை இருந்தால் குளவி வெளியேறியிருக்கிறது; ஊசி குத்தியது போன்ற துளை என்றால் ஒட்டுண்ணிச் சிறுகுளவிகளின் வேலை.

குறைகளும் உண்டு. போன் கவரின் மேல் கிளிப் சரியாக உட்காராமல் படத்தின் ஒரு ஓரம் மங்கும், ஆகவே கவரைக் கழற்றிவிடுங்கள். சில போன்களில் கிட்டே போனதும் கேமரா தானாக அல்ட்ராவைடு என்ற வேறொரு லென்ஸுக்கு மாறிவிடும். செட்டிங்கில் ஆட்டோ மேக்ரோவை அணைக்க வேண்டும். ஃபோகஸ் ஆழம் சில மில்லிமீட்டர்தான். முகத்துக்கு நேரே எடுத்தால் கண் தெளியும், இடுப்பு மங்கும். பக்கவாட்டில் எடுப்பதே சரி.

குளவி தன் புழுக்களுக்கு இரையாக அறைக்குள் அடைத்து வைத்த சிலந்திகளை இந்த லென்ஸ் காட்டாது. அதற்காக நுனியில் கேமரா உள்ள எண்டோஸ்கோப் ஒயரை உள்ளே விடாதீர்கள், ஈர விளிம்பு உடைந்துபோகும். குளவி இரையோடு வாசலில் வந்து இறங்கும் நேரத்தில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தால் போதும். அதில் ஒரு ஃபிரேமைப் பிரித்தாலே எந்த வகைச் சிலந்தி என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.