கிளாஸ்ஃபிஷ் 3.1-இன் ஏஎஸ்அட்மின்: அப்டைம் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்

ஜாவா செயலிகளை ஓட்டும் சர்வர் மென்பொருளான கிளாஸ்ஃபிஷ் 3.1 வந்தது 2011-இல். 2013 நவம்பரில் கிளாஸ்ஃபிஷுக்கான வணிக ஆதரவை அடுத்த பதிப்புகளுக்குத் தரப்போவதில்லை என்று ஆரக்கிள் அறிவித்துவிட்டது. ஆனால் ஜாவா 6, 7 காலத்துச் செயலிகள் அதற்காக நின்றுவிடுவதில்லை. அவற்றைக் கட்டிக் காக்கும் பொறுப்பு உங்களுடையது என்றால், 4848 போர்ட்டில் பிரவுசரில் திறக்கும் வெப் கன்சோலை மூடிவிட்டு, சர்வரைக் கட்டளை வரியிலிருந்தே நிர்வகிக்கும் ஏஎஸ்அட்மின் கட்டளையைப் பழகிக்கொள்ளுங்கள். தாராளமாகப் பரிந்துரைக்கலாம், ஆனால் கண்காணிப்பு விஷயத்தில் எச்சரிக்கை தேவை.

ஏற்றி இறக்கும் வேலையில் இதைக் குறை சொல்ல முடியாது. ஸ்டார்ட்-டொமைன், ஸ்டாப்-டொமைன், ரீஸ்டார்ட்-டொமைன் மூன்றும் சொன்னதைச் செய்கின்றன. வெற்றி என்றால் 0, தோல்வி என்றால் 1 என்று திரும்புவதால் ஸ்கிரிப்ட்டில் அப்படியே வைக்கலாம். கடவுச்சொல்லைக் கட்டளையில் எழுதாமல் பாஸ்வேர்டுஃபைல் வழியாகக் கொடுங்கள், அந்தக் கோப்பின் அனுமதி 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) இருக்கட்டும். ஒரே எரிச்சல், ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு புது ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் இயந்திரம்) எழும்புவது. நிமிடத்துக்குப் பத்துக் கட்டளைகளை, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்டால் பழைய மெஷின் திணறும். எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதி மல்ட்டிமோடில் ஓட்டினால் ஒரே ஜேவிஎம்மில் முடிந்துவிடும்.

பலர் ஏமாறுவது, சர்வர் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று சொல்லும் அப்டைம் கட்டளையில். அது அட்மின் போர்ட்டில், தனி த்ரெட் பூலில் (கோரிக்கைகளைக் கவனிக்கும் த்ரெட்களின் தொகுப்பு) பதில் சொல்கிறது. பயனர்கள் வருவதோ 8080-இல், ஹெச்டிடிபி-த்ரெட்-பூல் வழியாக. தொடக்க அமைப்பில் அந்தப் பூலின் உச்ச அளவு வெறும் 5. டேட்டாபேஸ் இணைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஜேடிபிசி பூலின் உச்ச அளவு 32, காத்திருக்கும் நேரம் 60,000 மில்லிசெகண்ட். செயலியில் எங்கோ ஒரு கனெக்‌ஷன் மூடப்படாமல் விட்டுப்போகிறது என்று வையுங்கள். 32-ம் கசிந்து தீர்ந்ததும் அடுத்து வரும் 5 கோரிக்கைகளும் ஆளுக்கு ஒரு நிமிடம் காத்து நிற்கும். த்ரெட் ஐந்தும் மாட்டிக்கொண்டதால், டேட்டாபேஸே தேவைப்படாத பக்கம்கூடத் திறக்காது. அந்த நேரத்திலும் அப்டைம் "இத்தனை நாளாக ஓடுகிறது" என்றுதான் பதில் தரும்.

ஆகவே பார்க்க வேண்டிய எண்கள் வேறு. கண்காணிப்பு தொடக்கத்தில் எல்லா மாட்யூலுக்கும் ஆஃப். எனேபிள்-மானிட்டரிங் கட்டளையில் த்ரெட்-பூல், ஜேடிபிசி-கனெக்‌ஷன்-பூல், ஜேவிஎம் மூன்றையும் லோ நிலைக்குக் கொண்டுவாருங்கள். சர்வரை மறுபடி ஏற்ற வேண்டியதில்லை. பிறகு கெட் -எம் கட்டளையில் வேலையில் இருக்கும் த்ரெட் எண்ணிக்கை, பயன்பாட்டில் உள்ள கனெக்‌ஷன், காத்திருப்போர் வரிசையின் நீளம் ஆகியவற்றை எடுங்கள். நட்சத்திரக் குறி போட்டால் மேற்கோளுக்குள் போடுங்கள், இல்லாவிட்டால் ஷெல் அதை விழுங்கிவிடும். பூலின் பெயரில் புள்ளி இருந்தால் அதற்கு முன் பேக்ஸ்லாஷ் வேண்டும். வேலையில் இருக்கும் த்ரெட் தொடர்ந்து 5-லேயே நின்று, கூடவே காத்திருப்போர் வரிசையும் ஏறினால், த்ரெட்டை 50 ஆக்குவது தீர்வாகாது. ஐந்து பேர் நின்ற இடத்தில் ஐம்பது பேர் நிற்பார்கள்.

கசிவைப் பிடிக்க இதிலேயே அருமையான வசதி இருக்கிறது. செட் கட்டளையில் அந்தப் பூலின் கனெக்‌ஷன்-லீக்-டைம்அவுட்டை, உங்கள் மிக நீண்ட கொயரியைவிடக் கூடுதலான விநாடிகளுக்கு வையுங்கள். அந்த நேரத்துக்குள் திரும்பாத கனெக்‌ஷனை நிரலின் எந்தப் பகுதி வாங்கிப்போனது என்று ஸ்டாக் ட்ரேஸோடு (அழைப்புகள் வந்த வழியின் பட்டியல்) சர்வர் லாகில் வந்து விழும். கிளாஸ் பெயரும் வரி எண்ணும் கையில் கிடைத்த பிறகு திருத்துவது பெரிய வேலை இல்லை. அதுவரை அவசரத்துக்கு ஃப்ளஷ்-கனெக்‌ஷன்-பூல் உதவும். ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கும் கனெக்‌ஷனையும் சேர்த்தே அறுத்துவிடும், பாதியில் உள்ள டிரான்ஸாக்‌ஷன் போய்விடும்.

ஏஎஸ்அட்மின் கைவிடும் இடம் ஹீப் (ஜேவிஎம்மில் ஜாவா பொருட்கள் தங்கும் நினைவகம்) நிரம்பும்போது. தொடக்க அளவு 512 எம்பிதான். அது முட்டினால் அட்மின் போர்ட்டும் சேர்ந்து உறைந்துவிடும், ஜெனரேட்-ஜேவிஎம்-ரிப்போர்ட் பதிலே தராது. அப்போது ஜேடிகேயில் (ஜாவா நிரலாக்கக் கருவித் தொகுப்பு) வரும், நினைவக நிலையைக் காட்டும் ஜேஸ்டாட்டை, சர்வர் எந்த யூசரில் ஓடுகிறதோ அதே யூசராக, ஜிசியூட்டில் தேர்வோடு 1000 மில்லிசெகண்ட் இடைவெளியில் ஓட்டுங்கள். ஓ என்ற பத்தி (ஹீப்பின் பழைய பொருட்கள் பகுதி எத்தனை சதவீதம் நிரம்பியது) 100-ஐ ஒட்டியே நிற்க, எஃப்ஜிசி எண் (முழு நினைவகச் சுத்திகரிப்பு நடந்த தடவைகள்) ஏறிக்கொண்டே போனால் குற்றவாளி ஹீப்தான். ஸ்டாப்-டொமைனில் கில் தேர்வைப் போடுவதற்கு முன் ஜேடிகேயின் ஜேமேப்பில் ஹீப் டம்ப் (நினைவகத்தின் நகல்) எடுத்துவிடுங்கள். கொன்ற பிறகு ஆராய எதுவும் மிஞ்சாது.