ஒரு கார்டு, எட்டுப் பேர்: கேஎல்ஐஏ லவுஞ்சுக்குள் போகும் வழிகள்

பேராக்கின் சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையமான கேஎல்ஐஏவுக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். வேன் பேசிப் போனால் நான்கு மணி நேரம், தஞ்சோங் மாலிம் பக்கம் நெரிசல் பிடித்தால் ஐந்து. இரவு 10 மணிக்குச் சென்னை விமானம் என்றால் பகல் 12 மணிக்கே பெட்டிகளை ஏற்றச் சொல்லிவிடுவார் வீட்டுப் பெரியவர். ஆக, நம் ஊர்க் குடும்பம் விமான நிலையத்தில் இறங்கும்போது ஐந்து மணி நேரம் சும்மா கிடக்கும். அப்போதுதான் யாராவது ஓர் இளசு கைப்பேசியைத் தட்டிக்கொண்டே, "லவுஞ்சுக்குப் போகலாமே, என் கார்டுக்கு ஃப்ரீ" என்று ஆரம்பிக்கும்.

போகலாம், லவுஞ்ச் என்பது உட்கார்ந்து சாப்பிட்டு இளைப்பாற விமான நிலையத்தில் இருக்கும் தனி ஓய்வறை. ஆனால் அந்த ஐந்து மணி நேரத்தையும் அங்கே கழிக்க முடியாது. பெரும்பாலான லவுஞ்சுகள் குடிநுழைவுச் சோதனையைத் தாண்டி உள்ளே இருக்கின்றன. பெட்டியைப் போடாமல் உள்ளே போக வழியில்லை. பல விமான நிறுவனங்களின் கவுண்டர் புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்புதான் திறக்கும். உறுப்பினர் அட்டைகளை ஏற்கும் லவுஞ்சுகளும் பெரும்பாலும் அதே மூன்று மணி நேரத்துக்குள்தான் ஆளைச் சேர்க்கும். 10 மணி விமானத்துக்கு 7 மணிக்குக் கவுண்டர் திறக்கிறது, எட்டுப் பேரின் பெட்டிகளை நிறுத்து ஒட்டி, குடிநுழைவைத் தாண்டும்போது 8 ஆகிவிடும். 9 மணிக்கு கேட்டை நோக்கி நடக்க வேண்டும். நீங்கள் காசு கொடுப்பது இடையில் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான். சீக்கிரம் வந்து சேர்ந்த அலுப்புக்கு லவுஞ்ச் மருந்தில்லை என்று தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

முதல் வழி, விமான நிறுவனத்தின் வழி. பிசினஸ் கிளாஸ் டிக்கெட் இருந்தால் பேச்சே இல்லை, மலேசியா ஏர்லைன்ஸ் கோல்டன் லவுஞ்ச் கதவு திறக்கும். டிக்கெட் எக்கானமி என்றால் உறுப்பினர் தகுதி பேச வேண்டும். மலேசியா ஏர்லைன்ஸ் 2013 பிப்ரவரியில் ஒன்வேர்ல்டு என்ற விமான நிறுவனக் கூட்டணியில் சேர்ந்தது. அதன் உறுப்பினர் திட்டம் என்ரிச். என்ரிச் கோல்டு அந்தக் கூட்டணியில் சஃபையர் தகுதி, பிளாட்டினம் எமரால்டு தகுதி. இரண்டுக்கும் லவுஞ்ச் உண்டு. சில்வர் என்பது ரூபி தகுதி, அதற்கு லவுஞ்ச் கிடையாது. சில்வர் அட்டையை வைத்துக்கொண்டு வாசலில் வாதாடுவது வீண்.

சஃபையர்காரர் தன்னோடு ஒருவரை மட்டும் அழைத்துப் போகலாம், அவரும் ஒன்வேர்ல்டு விமானத்தில் பறப்பவராக இருக்க வேண்டும். பிள்ளைகளும் ஆள் கணக்கில்தான் வருவார்கள். அப்பா கோல்டு என்றால் அம்மா உள்ளே, மூன்று பிள்ளைகளும் பாட்டியும் வெளியே. பிசினஸ் கிளாஸில் பறப்பவருக்கு அந்த ஒரு விருந்தினர்கூட இல்லை, டிக்கெட் அவரை மட்டுமே உள்ளே விடும். ஸ்டார் அலையன்ஸ் என்ற இன்னொரு கூட்டணியின் கோல்டிலும் கூட ஒருவர்தான், அவரும் அதே விமானத்தில் ஏற வேண்டும்.

இதில் நம் ஆட்கள் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக்குப் போகும் நம்மவர்கள் அதிகம் ஏறுவது ஏர் ஆசியா, பாத்திக் ஏர், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். இந்த நான்கும் ஒன்வேர்ல்டு, ஸ்டார் அலையன்ஸ், ஸ்கைடீம் என்ற மூன்று கூட்டணிகளில் எதிலும் இல்லை. ஏர் இந்தியா 2014இல் ஸ்டார் அலையன்ஸில் சேர்ந்தது உண்மை. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் அதில் சேராது, பெயர்தான் ஒன்றுபோல் இருக்கிறது. திருச்சிக்கு இவற்றில் ஏறும்போது உங்கள் என்ரிச் கோல்டு வெறும் பிளாஸ்டிக்.

இரண்டாவது வழி, காசு கட்டி உள்ளே போவது. பிளாசா பிரீமியம் போன்ற தனியார் லவுஞ்சுகள் எந்த விமானத்தில் பறந்தாலும் சேர்த்துக்கொள்ளும். 1998இல் ஹாங்காங்கிலும் கேஎல்ஐஏவிலும் தொடங்கிய நிறுவனம் அது. தளத்தில் முன்பதிவு செய்யலாம், வாசலிலும் கட்டலாம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தலைக்கு நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போகும். எட்டுத் தலைக்குப் பெருக்கிப் பாருங்கள், ஒரு டிக்கெட் காசு வந்துவிடும். ஒன்றிரண்டு பேருக்கு என்றால் நேர்மையான வழி இதுதான்: என்ன விலை, எத்தனை மணி நேரம் என்பது கண் முன்னே இருக்கும், பின்னால் வந்து குத்தும் பில் இல்லை. முன்பதிவில் முனையத்தையும் பன்னாட்டுப் பகுதியா உள்நாட்டுப் பகுதியா என்பதையும் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். "கேஎல்ஐஏ" என்று பார்த்ததும் அழுத்திவிட்டு, ஏர் ஆசியாவுக்காக முனையம் 2இல் இறங்குகிறவர்கள் உண்டு. இரண்டு முனையங்களுக்கும் இடையே ரயில் இருக்கிறது, 2 வெள்ளி, மூன்று நிமிடம். ஆனால் அது வெளிப்பக்க ரயில். முனையம் 1இல் குடிநுழைவைத் தாண்டி உட்கார்ந்துவிட்டு முனையம் 2இல் விமானம் ஏற முடியாது.

பல லவுஞ்சுகளுக்கும் ஒரே உறுப்பினர் அட்டையாக விற்கப்படும் பிரையாரிட்டி பாஸின் கட்டணத்தை அமெரிக்க டாலர் விலையில் பார்த்தால் கணக்கு சுவையாக இருக்கும். ஸ்டாண்டர்டு ஆண்டுக்கு 99 டாலர், ஒவ்வொரு முறைக்கும் 35. ஸ்டாண்டர்டு பிளஸ் 329 டாலர், பத்து முறை இலவசம். பிரெஸ்டீஜ் 469, அட்டைக்காரருக்கு எல்லா முறையும் இலவசம். கூட்டிக் கழித்தால் ஸ்டாண்டர்டு பிளஸ் லாபமாவது ஆண்டில் ஏழாவது முறையிலிருந்து. பிரெஸ்டீஜ் அதை முந்துவது பதினைந்தாவது முறையிலிருந்துதான். பதினான்கில் இரண்டும் சரிக்குச் சரி. மூன்று திட்டத்திலும் கூட வருபவருக்குத் தலைக்கு 35 டாலர், நம் காசுக்கு ஏறக்குறைய 140 வெள்ளி. விலை அவ்வப்போது மாறும், கட்டும் முன் தளத்தில் ஒருமுறை பாருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை குலதெய்வம் கும்பிட ஊருக்குப் போய் வருகிற குடும்பத்துக்கு இதில் எந்தத் திட்டமும் கட்டுப்படியாகாது. மாதம் இரண்டு முறை பறக்கும் வேலை இருப்பவருக்கு மட்டும் சரி.

இன்னொன்று, உறுப்பினர் கட்டியதும் எல்லா லவுஞ்சும் திறந்துவிடாது. 2021இல் பிளாசா பிரீமியமும் பிரையாரிட்டி பாஸும் பிரிந்தபோது, அதற்காகவே கட்டியிருந்த பலர் வாசலில் நின்று முழித்தார்கள். இந்தப் பட்டியல்கள் இப்படித்தான், இன்று இருக்கும், நாளை இருக்காது. கிளம்புவதற்கு முதல் நாள் செயலியில் அந்த லவுஞ்சின் பக்கத்தையே திறந்து, திறந்திருக்கும் நேரம், தங்கும் நேரம், பிள்ளைகளுக்கு என்ன வயது வரை இலவசம் என்று படித்துவிடுங்கள்.

மூன்றாவது வழி வங்கிக் கடன் அட்டை. 'ஃப்ரீ' என்று இளசு சொன்னது இதைத்தான். மத்திய வங்கியான பேங்க் நெகாரா விதிப்படி கடன் அட்டை எடுக்க ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 வெள்ளி வேண்டும். 36,000 அல்லது அதற்குக் கீழ் என்றால் இரண்டு வங்கிகளுக்கு மேல் அட்டை வாங்க முடியாது. லவுஞ்ச் தரும் அட்டைகள் பெரும்பாலும் இந்த வரம்புகளுக்கு மேலே இருக்கும் வருமானத்தைக் கேட்கும். ஆண்டுக் கட்டணம் தள்ளுபடி என்றாலும் ஒவ்வோர் அட்டைக்கும் ஆண்டுக்கு 25 வெள்ளி சேவை வரி உண்டு, மனைவி பெயரில் எடுக்கும் துணை அட்டைக்கும் சேர்த்து. மாதத் தவணை பாக்கி வைத்தால் வட்டி 15 முதல் 18 விழுக்காடு. லவுஞ்சில் ஒரு தட்டு மீ கோரேங் சாப்பிடுவதற்காகக் கடன் அட்டை எடுப்பது, பால் குடிக்க மாடு வாங்கிய கதைதான். ஏற்கெனவே அட்டை இருந்தால் அதில் இந்தச் சலுகை ஒளிந்திருக்கிறதா என்று தேடுவது புத்திசாலித்தனம்.

தேடும்போது பார்க்க வேண்டியவை: சலுகை முதன்மை அட்டைக்கு மட்டுமா, ஆண்டுக்கு எத்தனை முறை, அதற்கு முன் இவ்வளவு செலவழித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா, அந்த ஆண்டுக் கணக்கு ஜனவரியில் தொடங்குகிறதா, அட்டை எடுத்த மாதத்திலா. உள்ளே போகும் முறையும் அட்டைக்கு அட்டை வேறு. சிலவற்றில் அட்டையையே இயந்திரத்தில் தேய்ப்பார்கள், லவுஞ்ச்கீ அந்த வகை. சிலவற்றில் முன்கூட்டியே செயலியில் பதிந்து கியூஆர் குறி எடுக்க வேண்டும். விசா ஏர்போர்ட் கம்பானியன் போல. பதியும்போது கைப்பேசிக்குக் குறியீட்டு எண் வரும். சிம்மை மாற்றிவிட்டு வாசலில் நின்று பதிய முயன்றால் அந்த எண் வந்து சேராது. வீட்டிலேயே முடித்து, குறியைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

லவுஞ்ச் வாசலில் கையெழுத்துப் போடும் முன், அதற்காக நீட்டும் திரையில் விருந்தினர் எண்ணிக்கையைப் பாருங்கள். இலவசம் ஒருவருக்கு, நீங்கள் நால்வர் என்றால் மூன்று பேருக்கு டாலரில் பில், அதோடு நாணய மாற்றுக் கட்டணமும் அடுத்த மாத அறிக்கையில் சத்தமில்லாமல் ஏறியிருக்கும். வாசலில் யாரும் விலை சொல்ல மாட்டார்கள், கேட்க வேண்டியது நம் பொறுப்பு.

அடுத்தது பெயர். இது நமக்கே உரிய தலைவலி. அடையாள அட்டையிலும் கடப்பிதழிலும் பெயருக்கு நடுவே இன்னாரின் மகன் என்பதற்கு 'ஏ' கோடு 'எல்' (A/L), மகள் என்பதற்கு 'ஏ' கோடு 'பி' (A/P) இருக்கிறது. விமான நிறுவனக் கணினி அந்தச் சாய்கோட்டை ஏற்காது. எனவே போர்டிங் பாஸில் மகன் பெயர், 'ஏஎல்', அப்பா பெயர் மூன்றும் இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொண்டு ஒரே நீளச் சொல்லாக வரும், இடம் பற்றாமல் கடைசி எழுத்துகள் வெட்டுப்படவும் செய்யும். கடன் அட்டையிலோ இடப்பற்றாக்குறையால் அப்பா பெயரே இருக்காது. அட்டைப் பெயரும் போர்டிங் பாஸ் பெயரும் ஒத்துப்போனால்தான் உள்ளே விடுவார்கள். கடப்பிதழை மூன்றாவதாக நீட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும், அதனால் கடப்பிதழைப் பெட்டியடியில் வைக்காதீர்கள். டிக்கெட் போடும்போதே குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதிப் போடுவது இன்னும் நல்லது.

உள்ளே என்ன கிடைக்கும்? நாற்காலி, மின்செருகி, வைஃபை, காப்பி, சுடுசோறு. சில இடங்களில் குளியலறை. வேனில் வெந்து வந்தவருக்கு அந்தக் குளியல் மட்டுமே காசுக்குத் தகும். துண்டு கேட்டால் தருவார்கள், வரிசை இருந்தால் உள்ளே நுழைந்ததுமே பெயர் கொடுத்துவிட வேண்டும். சாப்பாடு ஹலால் என்பதால் சைவக்காரருக்குக் கவலையில்லை என்று நினைக்க வேண்டாம். நாசி லெமாக்கின் சம்பலில் நெத்திலி இருக்கும். 'காய்கறி' என்று பலகை வைத்த கங்கோங் கீரையில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கலாம். ரெண்டாங் என்றால் மாட்டிறைச்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். புரட்டாசி விரதமோ வெள்ளிக்கிழமையோ என்றால் பரிமாறுபவரிடம் "பெலாச்சான் அடா?" என்று நேரே கேளுங்கள். சோறு, பழம், ரொட்டி, முட்டை சேர்ப்பவர் என்றால் முட்டை, இதோடு நிறுத்திக்கொள்வது நிம்மதி. தாப்பாவ், அதாவது பொட்டலம் கட்டி எடுத்துப்போவது, கிடையாது, பேரனுக்கு என்று டிஷ்யூவில் கேக் சுற்றுவதை அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

ஒப்பிட்டுச் சொன்னால், வயிற்றுக்காக மட்டும் என்றால் வெளிப்பக்கத்து உணவு வளாகமே மேல். எட்டுப் பேரும் ஒரே மேசையில் உட்காரலாம், வழியனுப்ப வந்தவர்களும் கூட இருக்கலாம். லவுஞ்சில் வழியனுப்ப வந்தவருக்கு இடமே இல்லை.

கிளம்பும் நேரத்தைக் கணக்கிட முனையத்தின் அமைப்பு தெரிய வேண்டும். முனையம் 1இல் கோல்டன் லவுஞ்ச் உட்பட பல பன்னாட்டு லவுஞ்சுகள் முதன்மைக் கட்டடத்திலிருந்து தள்ளி நிற்கும் சேட்டலைட் கட்டடத்தில் இருக்கின்றன. அங்கே போகும் உள்பக்க ரயிலான ஏரோட்ரெய்ன் 2023 மார்ச்சில் நின்று, 2025 ஜூலை 1இல்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. சி கேட் என்றால் நல்லது, அதே கட்டடம். ஜி அல்லது எச் என்றால் லவுஞ்சிலிருந்து மறுபடி ரயிலேறி முதன்மைக் கட்டடத்துக்குத் திரும்ப வேண்டும். கேட் வாசலில் பைச் சோதனையும் மறுபடி நடக்கும். லவுஞ்சில் நிரப்பிய தண்ணீர்ப் புட்டி அங்கே தொட்டிக்குப் போகும். முனையம் 2இல் பி (P), கியூ (Q) கேட்டுகள் வான்பாலத்தைத் தாண்டி இருக்கின்றன, குழந்தையோடு நடந்தால் இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். பல லவுஞ்சுகளில் அறிவிப்பு செய்யமாட்டார்கள், திரையைத்தான் பார்க்க வேண்டும். புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் எழுந்துவிடுவது பாதுகாப்பு.

திரும்பும் வழியில் சென்னையில் ஒரு குழப்பம். அங்குள்ள சொந்தக்காரர் தன் ரூபே அட்டையைத் தேய்த்து 2 ரூபாய்க்கு லவுஞ்சில் சாப்பிட்டதாகச் சொல்வார். அது இந்திய வங்கி தரும் அட்டைக்கான ஏற்பாடு. நம் மலேசிய அட்டையை அங்கே நீட்டினால் 2 ரூபாய் கதை நடக்காது, நம் செயலியில் அந்த லவுஞ்ச் இருந்தால் மட்டுமே.

எங்கள் கணிப்பில் லவுஞ்சுக்குக் காசு கொடுப்பது தகுவது ஒரே ஒரு சூழலில்: வயதான அம்மாவோ அப்பாவோ கால் நீட்டி உட்கார வேண்டும் என்றால், அவருக்கும் துணைக்கு ஒருவருக்குமாக இரண்டு இடம் முன்பதிவு செய்யலாம். மற்ற ஆறு பேரும் கேட் அருகே இருந்துகொள்ளட்டும். சக்கர நாற்காலி உதவி கேட்டிருந்தால் ஒன்று கவனியுங்கள். தள்ளிக்கொண்டு வருபவர் லவுஞ்ச் வாசலில் விட்டுவிட்டு நாற்காலியோடு போய்விடுவார். அவர் நகரும் முன், எத்தனை மணிக்குத் திரும்ப வருவார் என்று கேட்டு, போர்டிங் பாஸின் பின்பக்கம் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்குப் பத்து நிமிடம் தாண்டியும் ஆள் வரவில்லை என்றால் லவுஞ்ச் கவுண்டரிலிருந்தே விமான நிறுவனத்துக்குப் போன் போடச் சொல்ல வேண்டும்.