செயற்கைக் கண்ணை வீட்டில் பராமரிப்பது: என் நீண்ட கால அனுபவம்

இடது பக்கம் செயற்கைக் கண் வைத்துக்கொண்டு பல வருடங்கள் ஆகிவிட்டன. புதிதாக வைத்துக்கொண்டவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, தினமும் கழற்றிக் கழுவ வேண்டுமா என்பதுதான். வேண்டாம். தொந்தரவு எதுவும் இல்லை என்றால் அது உள்ளேயே இருக்கட்டும், தூங்கும்போதும்கூட. அடிக்கடி கழற்றி மாட்டினால் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு உரசி எரிச்சலாகும், எரிச்சலில் பீளை கூடும், பீளையைப் பார்த்ததும் மறுபடி கழுவத் தோன்றும், இப்படியே போய்க்கொண்டிருக்கும். எனக்கு மாதம் ஒரு தடவை போதுமானதாக இருக்கிறது. கண்குழி ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், உங்களுக்கு எவ்வளவு என்பதைக் கண்ணைச் செய்து கொடுத்த நிபுணரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கழற்றுவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வாஷ்பேசின் ஓட்டையை அடைத்து, மேலே ஒரு மெத்தென்ற துண்டை விரித்துவிடுங்கள். மேலே பார்த்துக்கொண்டு கீழ் இமையை விரலால் இழுத்து லேசாக அழுத்தினால், கீழ் விளிம்பு இமையைத் தாண்டி வந்து கண் கையில் நழுவி விழும். இது வராதவர்களுக்குச் சின்ன ரப்பர் உறிஞ்சி இருக்கிறது, அதை நனைத்து நடுவில் ஒட்டி எடுக்கலாம். மாட்டும்போது மேல் இமையைத் தூக்கி மேல் விளிம்பை முதலில் நுழைத்து, அப்புறம் கீழ் இமையை இழுத்து விட்டால் சரி. எது மேல் பக்கம் என்று ஆரம்பத்தில் குழம்பும், கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

கழுவ வெதுவெதுப்பான தண்ணீரும் வாசனை இல்லாத மென்மையான சோப்பும் போதும், குழந்தைகள் ஷாம்புவும் சரிதான். விரல் நுனியால் மட்டும் தேய்த்து, சோப்பு துளியும் இல்லாமல் அலச வேண்டும், மிச்சம் இருந்தால் உள்ளே போனதும் எரியும். இப்போது வைக்கப்படும் கண்கள் பெரும்பாலும் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை. பார்க்க உறுதியாக இருந்தாலும் ஸ்பிரிட்டும் சானிடைசரும் பட்டால் அதில் மிக நுண்ணிய வெடிப்புகள் விழும், கொதிக்கும் நீரில் போட்டால் வடிவமே மாறிவிடலாம். சுத்தமாகட்டும் என்று பற்பசை வைத்துத் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதனால் விழும் கீறல்களில்தான் கண்ணீரில் உள்ள புரதம் படிந்து, கிருமியும் தங்குகிறது. ஏதாவது காரணத்தால் கொஞ்ச நேரம் வெளியே வைக்க வேண்டியிருந்தால் காயவிடாமல் சலைனில் (கிருமி நீக்கிய உப்புக் கரைசலில்) போட்டு மூடி வையுங்கள்.

பீளையைத் துடைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு மூக்கை நோக்கித் துடையுங்கள். காதுப் பக்கமாக இழுத்துத் துடைத்தால் கண் உள்ளே திரும்பிவிடும், வெளியேகூட வந்துவிடும். ஏசி அறையிலும் ஃபேனுக்கு நேராகவும் இருந்தால் சீக்கிரம் வறண்டுபோகும், அதற்கு மசகுச் சொட்டு மருந்து உண்டு. இந்தப் பக்கம் பார்வை மங்குமோ என்ற கவலை இல்லாததால் கெட்டியான ஜெல் வகையையே நான் போடுகிறேன், நீண்ட நேரம் தாங்குகிறது.

வீட்டில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவையாவது நிபுணரிடம் கொடுத்துப் பாலிஷ் செய்தே ஆக வேண்டும். கையால் தேய்த்துப் போகாத படிவு அதில்தான் போகும், செய்துவிட்டு வந்த அன்றே இமை வழுக்கிக்கொண்டு போவது தெரியும். கண்குழியின் வடிவம் மெல்ல மாறிக்கொண்டே இருப்பதால் சுமார் 5 வருடங்களில் புதிதாக மாற்ற வேண்டிவரும், வளரும் குழந்தைகளுக்கு அதற்கு முன்பே.

இன்னொரு கண்ணை மறந்துவிடாதீர்கள். பவர் தேவையில்லை என்றாலும் எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸ் போட்ட கண்ணாடி இல்லாமல் நான் வெளியே போவதில்லை, இதில் சமரசமே கிடையாது.

தெளிவான கொஞ்சம் பீளை எல்லோருக்கும் வரும். அது மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், நாற்றமடித்தால், வலியோ ரத்தமோ இருந்தால், சரியாகப் பொருந்திக்கொண்டிருந்த கண் திடீரென்று நிற்காமல் போனால், கடையில் நீங்களாகவே சொட்டு மருந்து வாங்கிப் போடாமல் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.