436 ரூபாய் பாலிசி: எங்கள் வீட்டில் கை வைக்காத செலவு

திருப்பூரில் ஆர்டர் குறைந்தால் பனியன் கம்பெனியில் முதலில் ஓவர்டைம் போகும், அப்புறம் வாரச் சம்பளமே சுருங்கும். நான் டெய்லர், வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். கேபிள், சீட்டு என்று ஒவ்வொன்றாக நிறுத்தியபோதும் நாங்கள் விடாமல் வைத்திருப்பது வங்கிக் கணக்கில் பிடிக்கிற பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீடு.

வருடத்துக்கு 436 ரூபாய். 2015-இல் ஆரம்பித்தபோது 330 இருந்தது, 2022 ஜூனில் ஏற்றினார்கள். ஆள் போய்விட்டால் நாமினிக்கு 2 லட்சம். மெடிக்கல் டெஸ்ட் கிடையாது. 50 வயதுக்குள் சேர வேண்டும், 55 வரை ஓடும். நல்லபடியாக இருந்தால் ஒரு பைசா திரும்பி வராது. என் மாமியாருக்கு இதுதான் ஆறாத குறை. "கட்டின காசு எங்கே கண்ணு?" என்பார். ஆட்டோவுக்கு இன்சூரன்ஸ் கட்டுகிறோமே, அதையா திருப்பிக் கேட்கிறோம்?

இதில் வம்பே மே மாதக் கடைசிதான். காப்பீட்டு வருடம் ஜூன் 1-இல் தொடங்குவதால் அதற்கு முன்னால் பிடிப்பார்கள். பள்ளிக்கூட ஃபீஸ், நோட்டு, யூனிஃபார்ம் என்று கணக்கைத் துடைத்து எடுக்கிற நேரமும் அதுவேதான். பணம் இல்லாவிட்டால் பாலிசி நின்றுவிடும். மறுபடி சேரலாம், ஆனால் முதல் 30 நாளைக்கு விபத்து மரணத்துக்கு மட்டும்தான் பணம் வரும். அதனால் மே 20-க்குள் ஆளுக்கு 500 போட்டுவிடுவேன். தனியாகச் சேர்ந்திருக்கிற 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் அதிலேயே கழியும். ஜூன் பிறந்ததும் பாஸ்புக்கைப் பதிந்து, 436 பிடித்த பதிவு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

வீட்டுக்காரருக்கு இரண்டு வங்கியில் கணக்கு. ஒரு வருடம் இரண்டிலும் பிடித்துவிட்டார்கள். எத்தனை கணக்கில் கட்டினாலும் ஒருவருக்கு 2 லட்சம்தான். கவுண்டரில் கேட்டால் "எழுதிக் கொடுங்க" என்றார்கள். எழுதிக் கொடுத்ததும் ஒன்று நின்றது, போன பணம் போனதுதான்.

2 லட்சம் போதுமா? போதாது. வீட்டுக் கடன் பாதிகூட அடையாது. ஆனால் எங்கள் கையைக் கடித்தது இது இல்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து நின்ற எண்டோமென்ட் (கடைசியில் பணம் திரும்பி வருகிற பாலிசி) பிரீமியம். பாதியில் சரண்டர் செய்து பணத்தை வாங்கினால் கட்டியதைவிடக் குறைவாக வரும் என்பதால் பெய்டு-அப் ஆக்கிவிட்டோம். இனிமேல் கட்ட வேண்டாம், முடிகிற வருடத்தில் குறைந்த தொகை வரும். ஏஜென்டுக்குக் கொஞ்சம் மனஸ்தாபம். மிச்சமாகிற பணத்தில் ஒரு டேர்ம் பாலிசி, அதாவது ஆள் போனால் மட்டும் பணம் தருகிற பாலிசி, பார்க்கிறோம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. டேர்ம் பாலிசி வரும்வரை 436 ரூபாய் ஓடட்டும், வந்த பிறகும் ஓடட்டும்.

வங்கிக்குப் போனால் நாமினி யார் என்றும் கேட்டுவிடுங்கள். எங்களுடையதில் காலமான மாமனார் பெயரே இருந்தது.