பொனான்ஸா, கன்ஸ்மோக்: எதன் கடைசி சீசன் பார்க்கலாம்?

அமெரிக்கத் தொலைக்காட்சியின் இரண்டு பெரிய வெஸ்டர்ன் (கௌபாய் காலக் கதை) தொடர்கள். பொனான்ஸாவின் 14-வது சீசன் 1973 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. கன்ஸ்மோக் 1975 மார்ச்சில், 20-வது சீசனோடு முடிந்தது.

பொனான்ஸாவுக்கு விழுந்த அடி பெரியது. ஹாஸாக நடித்த டான் பிளாக்கர் 1972 மே மாதம் திடீரென இறந்துபோனார். சீசனின் முதல் கதையே ஹாஸின் கல்யாணத்துக்காக யோசித்தது. ஹாஸின் தம்பி லிட்டில் ஜோவாக நடித்த மைக்கேல் லாண்டன் அதை ஜோவுக்கு மாற்றி எழுதி, அவரே இயக்கினார். கல்யாணமான கொஞ்ச நாளில் மனைவி கொல்லப்படுகிறாள், ஜோ உடைந்துபோகிறான். அந்த அழுகையில் பாதி ஹாஸுக்கானது என்றுதான் எனக்குப் படுகிறது. அப்புறம் வந்த கதைகளில் அந்தக் கனம் இல்லை. ஞாயிறு இரவிலிருந்து செவ்வாய்க்கு மாற்றியதும் உதவவில்லை.

கன்ஸ்மோக்கிலும் ஒரு வெற்றிடம் உண்டு. சலூன் (மதுக்கடை) நடத்தும் கிட்டியாக 19 சீசன் நடித்த அமாண்டா பிளேக் விலகிவிட்டார். கிட்டியின் சலூனை ஹானா என்ற புதுப் பாத்திரம் நடத்துகிறது. ஆனாலும் தொடர் தள்ளாடவில்லை. ஊரின் சட்டக் காவலரான மார்ஷல், டாக்டரான டாக், மார்ஷலின் உதவியாளர் ஃபெஸ்டஸ் மூவரும் பழைய நிதானத்தோடு இருக்கிறார்கள். கடைசிக் கதை ஒரு குத்தகை விவசாயக் குடும்பத்தைப் பற்றியது. விடைபெறும் காட்சி ஒன்றுகூட இல்லை. இருபது வருஷம் பார்த்த ரசிகர்களுக்கு அது அநியாயம்.

முழு சீசனும் பார்க்க நேரமிருந்தால் கன்ஸ்மோக். ஒரே ஒரு இரவுதான் என்றால், சரி, பொனான்ஸாவின் அந்த முதல் கதை.